ஐம்பத்து மூன்று மணியும் ஒரு கருடக் குஞ்சும்

எங்கள் ஊரில் ஒருவன் சும்மா இருந்துவிட முடியாது. நின்றால் ஏன் நிற்கிறாய் என்பார்கள். உட்கார்ந்தால் உடம்புக்கு என்ன என்பார்கள். சவுரிராயன் ஆறு வருஷம் ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். விடுவார்களா?

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் உண்டு, ஒரு வெட்கமும் உண்டு. தகுதி, நான் அவருக்கு அடுத்த வீடு. இடையில் இருந்தது ஒரே ஒரு மண்சுவர். வெட்கம், அவர் பேரில் கோள் சொன்னவர், சாமியார் இல்லாத நாளில் வேதம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் கோயில் உபதேசியார் சூசைமுத்து. அந்தச் சூசைமுத்துதான் என்னைப் பெற்ற தகப்பனார். ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். யாரையும் காப்பாற்றுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

ஊர் பேர் நாவலேந்தல். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் மயிலம் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே ஒன்றரை மைல் நடக்க வேண்டும். ஏரிக்கு வடகரையில் ரெட்டியார்கள், பெருமாள் கோயில், தோப்பு. தென்கரையில் நாங்கள் நாற்பது வீடு, எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள், ஓட்டுக்கூரை போட்ட ஒரு கோயில், நான் வாத்தியாராக இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடம். நிலமெல்லாம் வடக்கே, அதில் வேலை செய்கிற கையெல்லாம் தெற்கே. சவுரிராயனுக்குச் சொந்தமாக மண் என்று இருந்தது அவர் வீட்டுச் சுவரில் பூசியது மட்டும்தான்.

முப்பத்தாறாம் வருஷம் பொங்கலுக்கு முன்னால் வேட்டைக்கு வந்த துரைமார் இரண்டு பேர், வாத்தைச் சுடுகிறேன் பேர்வழி என்று ஒரு கருடனைச் சுட்டுப் போட்டார்கள். வெள்ளைத் தலையும் செம்பட்டை இறக்கையுமாக அது போய்ப் பெருமாள் கோயில் குளத்துப் படியிலேயே விழுந்தது. பெருமாளின் வாகனமாயிற்றே! ரெட்டியார்கள் கொதித்துப்போய்க் கூட்டமாகத் திண்டிவனம் போய் மனு கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் தாக்கீது வந்தது. இந்த ஏரியில் துப்பாக்கி கூடாது, கரை மரங்களை வெட்டக் கூடாது, கருடன் கூடு கட்டும் இலுப்பை மரத்துக்குக் காவல் ஆள் ஒருவன் போட வேண்டும். தண்ணீர் வழிந்தோடும் கலிங்கல் ஓரம் அப்படியே எழுதி ஒரு பலகையும் நட்டார்கள்.

காவலுக்கு ஆள் தேடினால் வடகரையில் ஒருத்தரும் வரவில்லை. கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஊரே உண்டு. அது எச்சம் போடுகிற இடத்தில் உட்கார ஆள் இல்லை. கடைசியில் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் அரங்கநாதன், தென்கரைக்கு ஆள் அனுப்பிச் சவுரிராயனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா சவுரி, நீ வேதக்காரன். கருடனுக்குக் காவல் இருப்பியா?"

"நான் வேதக்காரன்னு அதுக்குத் தெரியவா போவுதுங்க ஐயா?" என்றார் இவர்.

வேலை ஒன்றும் பெரிசில்லை. காக்கையை விரட்ட வேண்டும், மரத்தில் ஏறுகிறவனை இறக்க வேண்டும். முட்டை எப்போது வைத்தது, குஞ்சு எப்போது பொரித்தது, குஞ்சு பறந்ததா இல்லையா என்று கர்ணத்திடம் வந்து சொல்ல வேண்டும். கர்ணம் அதை எழுதித் திண்டிவனத்துக்கு அனுப்புவார்.

முதல் வருஷம் முட்டையைக் காக்கை கொத்திவிட்டது. இரண்டாம் வருஷம் மார்கழிப் புயலில் கூடே போயிற்று. மூன்றாம் வருஷம் முட்டை பொரிக்கவே இல்லை; பெட்டை நாற்பது நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. நான்காம் வருஷம் குஞ்சு வந்தது, இருபதாம் நாள் கூட்டிலேயே செத்துக் கிடந்தது. எதனால் என்று தெரியவில்லை. ஐந்தாம் வருஷம் ஒரு குஞ்சு நல்லபடியாக வளர்ந்து, இறகு முளைத்து, முப்பத்தெட்டாம் நாள் காற்றில் கிளை முறிந்து கீழே விழுந்தது. சவுரிராயன் அதை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் தவளைக்கறி கிள்ளிக் கிள்ளி ஊட்டினார். பிழைக்கவில்லை. அன்றைக்கு அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்று அவர் மனைவி அம்மணி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஐந்து வருஷமும் கர்ணம் "பறந்த குஞ்சு: இல்லை" என்று எழுதி அனுப்பினார். அவருக்கு என்ன போயிற்று? எழுதிவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார். சவுரிராயனுக்குத்தான் அந்த 'இல்லை' பிடிக்கவில்லை.

"வாத்தியாரே, நெல்லு வெதச்சா நெல்லு வருது, மல்லாட்டை போட்டா மல்லாட்டை வருது. இது மட்டும் ஏன் முடிய மாட்டேன்னுது? ஒரு தபா, ஒரே ஒரு தபா அது கூட்டை வுட்டு எழும்பறதை இந்தக் கண்ணால பாத்துட்டேன்னா போதும்," என்று என்னிடம் சொன்னார்.

அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கள் குடிக்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார். ஏரியில் எத்தனை தினுசு பட்சி வருகிறது, எது தங்கும், எது இரண்டு நாளில் கிளம்பிவிடும் என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பார். அதைக் கேட்க ஊரில் எனக்குத்தான் நேரம் இருந்தது.

இப்போது செபமாலை விஷயத்துக்கு வருகிறேன். சவுரிராயனுக்கு எழுத்துத் தெரியாது. குஞ்சு பொரித்து எத்தனை நாள் என்று கணக்கு வைக்க முதலில் கோரைக் கயிற்றில் முடிச்சுப் போட்டார், ஆடு தின்றுவிட்டது. பிறகு கலயத்தில் தினம் ஒரு கூழாங்கல் போட்டார். அம்மணி கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அப்புறம்தான் கழுத்தில் எப்போதும் கிடந்த செபமாலையில் கை வைத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஐம்பத்து மூன்று மணி செபம் என்றே பேர். மகள் இருதயமேரி தன் ரவிக்கையிலிருந்து ஒரு கறுப்பு நூலை உருவிக் கொடுத்தாள். குஞ்சு பொரித்த அன்றைக்கு முதல் மணியில் நூலைக் கட்டுவார். தினம் காலையில் அவிழ்த்து அடுத்த மணியில் கட்டுவார். குஞ்சு எத்தனை நாளில் பறக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. வலை போடுகிறவர்கள் ஒரு மண்டலம் என்றார்கள், கர்ணம் இரண்டு மாசம் என்றார். மாலை ஒரு சுற்று வந்தால் பறந்துவிடும் என்பது இவர் கணக்கு.

சாயங்காலம் அதே மாலையை உருட்டிக் குடும்பத்தோடு செபமும் சொல்வார். காலையில் பட்சிக்கு, மாலையில் மாதாவுக்கு. இதில் அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் நான் உபதேசியார் இல்லையே!

நாற்பத்திரண்டு பிறந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னை ஜனங்கள் மூட்டை முடிச்சோடு திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வந்து இறங்கினார்கள். மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை கேட்ட காலம் அது. அந்த அமளியில்தான் இருதயமேரிக்குச் சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளை தொம்மை, முகையூர்ப் பையன், விழுப்புரம் லோகோ ஷெட்டில் எஞ்சின் துடைக்கிற வேலை. மாதச் சம்பளக்காரன்! எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு இடம் அதற்கு முன்னால் அமைந்ததில்லை. யுத்த காலத்தில் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஏப்ரல் இருபத்தேழு திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாள் கொடுத்தார்கள். அதை விட்டால் அவனை வடக்கே எங்கேயோ மாற்றுவதாகப் பேச்சு.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மெய்விவாகம் நடக்க இருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். நாற்பது நாள் தபசு காலத்தில் வாசிக்க முடியாது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் போன பிறகு ஏப்ரல் பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு. இருந்தது சரியாக மூன்றே ஞாயிறு. ஒன்று தவறினால் கல்யாணமே தவறியது.

அந்த வருஷத்துக் குஞ்சு மார்ச்சு முதல் தேதி பொரித்தது. ஒற்றைக் குஞ்சு. நூல் இருபத்தேழாம் மணியில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, என் தகப்பனார் மெழுகுவத்திப் பார்சல் வாங்க மயிலம் ஸ்டேஷனுக்குக் கரைமேல் சைக்கிளில் போனார். போகிறவர் போக வேண்டியதுதானே? பார்த்தார். சவுரிராயன் இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். முகம் கூட்டைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறது. கையில் செபமாலை. உதடு அசைகிறது. திடீரென்று இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று, பட் பட்டென்று போட்டுக்கொள்கிறார்.

கோடையில் தண்ணீர் வற்றும்போது எங்கள் ஏரிக்கரையில் கண்ணிலும் கன்னத்திலும் மொய்க்கிற ஒரு பொடி ஈ உண்டு. என் தகப்பனார் ஒரு நிமிஷம் சைக்கிளை விட்டு இறங்கியிருந்தால் அவரும் தம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார். சங்கதி அங்கேயே முடிந்திருக்கும். அவர் இறங்கவில்லை. வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.

பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள்? அதே வாரத்தில் பெரிய ரெட்டியாரும் பார்த்திருக்கிறார். அவருக்கு ஏக சந்தோஷம். "நம்ம சவுரிகூட கருடாழ்வாரைச் சேவிக்கிறான்யா!" என்று மயிலம் சந்தையில் சொன்னார். சந்தையில் சொன்னது முகையூருக்குப் போக எத்தனை நேரம் ஆகும்?

ஏப்ரல் பதினொன்று சனிக்கிழமை, ஞாயிற்றுப் பூசைக்காகச் சாமியார் வண்டியில் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னாலேயே தொம்மையின் தாயார் முகையூரிலிருந்து வந்து நின்றாள். என் தகப்பனார் ஏற்கெனவே கோயில் வாசலில் காத்திருந்தார். சவுரிராயனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெட்டியிலிருந்து பூசை உடுப்பை எடுத்து வைக்கிற சாக்கில் நானும் உள்ளே இருந்தேன்.

"சவுரிராயா, கருடனைக் கும்பிட்டாயா?" என்றார் சாமியார்.

"இல்லீங்க சாமி."

"கையில் செபமாலை இருந்ததா?"

"இருந்துச்சிங்க."

"கன்னத்தில் போட்டுக்கொண்டாயாமே?"

"ஈயை அடிச்சேன் சாமி."

"உதடு அசைந்ததாம்."

"அது மீன் கொண்டாந்துச்சி சாமி. இதோட மூணு மீனுன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

என் தகப்பனார் மூக்கால் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மெழுகுவத்திப் பார்சலை எடுத்து எறிந்திருப்பேன்.

சாமியார் கெட்டவர் இல்லை. புஸ்தகத்தில் இருக்கிறபடி நடக்கிறவர், அவ்வளவுதான். "செபம் சொல்லவில்லை என்றால் மாலை எதற்கு?" என்று கேட்டார். சவுரிராயன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நூலைக் காட்டினார். நாற்பத்திரண்டாம் மணியில் இருந்தது. போன வருஷத்து முப்பத்தெட்டைத் தாண்டிவிட்டதென்று சந்தோஷமாக வேறு சொல்லித் தொலைத்தார். சாமியார் முகம் கறுத்துவிட்டது.

"மந்திரித்த மாலையில் பட்சிக்கு நாள் எண்ணினாயா?"

"எனக்கு வேற எண்ணத் தெரியாதுங்க சாமி."

தொம்மையின் தாயார் வாசல்படியில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். "பட்சியைக் கும்புடுற வூட்டுல நாங்க பொண்ணு எடுக்க மாட்டோம் சாமி. எங்க வமுசத்துல அந்தப் பழக்கம் கெடயாது. கோயில்ல நாலு பேரு எதிர்ல மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

முடிவு இதுதான். மறுநாள் பிரசங்கம் முடிந்ததும் சவுரிராயன் கோயில் நடுவில் கையில் மெழுகுவத்தியோடு முழங்காலில் நிற்க வேண்டும். "கருடனைக் கும்பிட்டேன், பாவம் செய்தேன்" என்று எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றே முதல் ஓலை. சொல்லாவிட்டால் ஓலை இல்லை.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மணியின் குரல் ஓயவில்லை.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்க சொல்லிக்கிறாங்க. உன்னை ஆயிரமா கேட்டாங்க? ஒண்ணே ஒண்ணு! அதைச் சொல்லிட்டு வந்துடேன்!"

"கோயில்ல, ஆண்டவரு எதிர்ல சொல்லச் சொல்றியா?"

"எவரு எதிர்ல சொன்னா இன்னா? அந்தப் புள்ள மொகத்தைப் பாரு. இந்த எடம் போச்சின்னா அது ஆயுசுக்கும் ரெட்டியார் கொல்லையில களை புடுங்கிக்கினுதான் கெடக்கணும்."

இருதயமேரி கேப்பை அரைத்துக்கொண்டிருந்தாள். கல் சுற்றுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. தினமும் ஏரிக்கு அப்பனுக்குக் கூழ் கொண்டுபோகிறவள் அவள்தான். குஞ்சு எப்படி வளர்கிறதென்று அவருக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் தெரியும்.

ஞாயிறு. கோயில் நிறைந்துவிட்டது. வேடிக்கை பார்க்கிற ஞாயிறு எங்கள் ஜனங்கள் யாரும் பூசைக்குத் தவறுவதில்லை. நான் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் முடிந்தது. சவுரிராயன் எழுந்து நடுவில் வந்து முழங்காலில் நின்றார். என் தகப்பனார் மெழுகுவத்தியைக் கொளுத்திக் கையில் கொடுத்தார்.

"சொல்லு," என்றார் சாமியார்.

"சாமி, நான் கருடனைக் கும்புடல," என்றார் சவுரிராயன். "கும்புட்டேன்னு சொன்னா இந்த எடத்துல பொய் சொன்னதா ஆவும்."

பெண்கள் பக்கம் அம்மணி தலையில் அடித்துக்கொண்டாள். தொம்மையின் தாயார் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

"ஆனா ஒண்ணு இருக்குது சாமி. பூசையில எழுந்தேத்தம் ஆவும்போது எல்லாரும் நீங்க தூக்கிப் புடிக்கிற அப்பத்தைப் பாக்கறாங்க. ஆறு வருசமா நான் அந்த நேரத்துல மரத்தைத்தான் நெனச்சிக்கினு இருக்கறேன். காத்து அடிக்குதே, காக்கா வந்திருக்குமே, ஜல்தியா போவணுமேன்னு. போன வருசம் அந்தக் குஞ்சு செத்தப்போ நான் அழுத அழுகை, என்னைப் பெத்தவரு செத்தப்போகூட அழுவல. எம் மவளுக்குச் சம்பந்தம் பேச வந்தன்னிக்கி ஏரில குந்திக்கினு இருந்தேன். ஆளு அனுப்பிக் கூட்டியாந்தாங்க. பொண்ணைவிட அது பெரிசா பூட்டுது எனக்கு. அது பாவம்னா நான் பாவி. அதுக்கு இன்னா தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன் சாமி."

தொம்மையின் தாயார் நின்றது நின்றபடியே இருந்தாள்.

சாமியார் கையிலிருந்த ஓலைக் காகிதத்தை மடித்தார். பொய்யை எதிர்பார்த்து வந்தவருக்கு நிஜம் கிடைத்தால் என்ன செய்வார்? பிறகு சொன்னார்:

"பாவத்துக்கு ஏதுவான இடத்தை விட்டு விலக வேண்டும். இன்று முதல் நீ ஏரிக்கரைக்குப் போகக் கூடாது. அந்தக் காவல் வேலை உனக்கு வேண்டாம். மாலையில் இருக்கிற நூலை இங்கேயே எடு."

"சாமி," என்றார் சவுரிராயன். "பத்து நாளு மட்டும் வுடுங்க. கூட்டு விளிம்புல நின்னுக்கினு எறக்கைய அடிச்சிப் பாத்துக்கினு இருக்குது. இத்தினி வருசத்துல இதான் மொத தபா. பத்தே நாளு."

அந்த மனிதர் யாரிடமும் எதையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினார். சாமியார் கையில் மடித்து வைத்திருந்த ஓலைக் காகிதத்தைப் பார்த்தார். சவுரிராயனும் அதைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். இருதயமேரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"சரி சாமி," என்றார்.

மெழுகுவத்தியை என் தகப்பனாரிடம் கொடுத்துவிட்டு, கழுத்து மாலையை இழுத்து, நாற்பத்து மூன்றாம் மணியிலிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து எடுத்தார். சாமியார் காகிதத்தைப் பிரித்து முகையூர்த் தொம்மைக்கும் நாவலேந்தல் இருதயமேரிக்கும் முதல் ஓலை வாசித்தார். நான் ஆர்மோனியத்தில் கை வைத்தேன். எந்தக் கட்டையை அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து சவுரிராயன் ரயில் பாதைக்குக் கிழக்கே ரெட்டியார் கொல்லையில் கோடை மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனார். அங்கிருந்து இலுப்பை மரம் தெரியாது. வேண்டுமென்றே அந்தக் கொல்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏரிக்குப் போகமாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தார். விசாரிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒருத்தரையும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம் வாத்தியாரே," என்றார். "நீங்க சொன்னா நான் பாத்த மாதிரிதான். அப்புறம் இன்னா வாக்கு அது?"

கர்ணம் வேறு ஆளைத் தேடினார். கிடைக்கவில்லை. மரத்தடி காலியாகக் கிடந்தது.

இரண்டாவது ஓலை ஆயிற்று. புதன்கிழமை பெண்ணுக்கு மஞ்சள் பூசி நலங்கு வைத்தார்கள். வேதம் மாறினாலும் இந்த வழக்கமெல்லாம் எங்களில் மாறவில்லை. மஞ்சள் பூசிய பெண் கல்யாணம் வரை வீட்டு வேலியைத் தாண்டக் கூடாது, காற்றுக் கறுப்பு அடித்துவிடும் என்று அம்மணி வாசலிலேயே பாயைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தாள். மூன்றாவது ஓலையும் ஆயிற்று. திங்கட்கிழமை காலைப் பூசையில் தொம்மை தாலி கட்டினான். நான் இந்தத் தடவை ஆர்மோனியத்தை ஒழுங்காக வாசித்தேன். பந்தலில் எல்லாருக்கும் சோறு போட்டார்கள். சவுரிராயன் இலை போட்டார், தண்ணீர் ஊற்றினார், சம்பந்தி வீட்டாரைக் கையெடுத்துக் கும்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது, வருத்தம் என்றும் சொல்ல முடியாது.

சாயங்கால ரயிலுக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்ப வேண்டும். மாட்டு வண்டி பூட்டியாயிற்று. நான் தகரப் பெட்டியை வண்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். இருதயமேரி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அத்தைமார்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். தெருப் பெண்களெல்லாம் அழுதார்கள். சவுரிராயன் மட்டும் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டை மாதிரி நின்றார். அவள் வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெட்டிக்குப் பின்னால் நான் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"நைனா, அது பறந்துடுச்சி," என்றாள்.

அவர் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"சனிக்கெழம பறந்துச்சி. மூணு நாளா காலைல பின்பக்க வேலியால போய்ப் போய்ப் பாத்துக்கினு இருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. மஞ்சளோடயே போனேன்."

"எத்தினி மணிக்கு?" என்றார் சவுரிராயன். சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே மறுபடியும் கேட்டார். "எத்தினி மணிக்கும்மா?"

"எட்டு மணி வண்டி போன பொறவு."

"எந்தப் பக்கமா?"

"கெழக்க. மொதல்ல கீழக் கிளைக்கு எறங்கிச்சி. அங்கயே ரொம்ப நேரம் குந்திக்கினு இருந்துச்சி. அப்புறம் எழும்பித் தண்ணி மேல ஒரு சுத்து சுத்துச்சி நைனா. விழல. நல்லா பறந்துச்சி."

"பெருசுங்க?"

"ரெண்டும் கூடவே பறந்துச்சிங்க."

அவர் சக்கரத்தை விட்டுவிட்டார். இரண்டு கையாலும் மகளைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதார். அம்மணி பயந்துபோய் ஓடி வந்தாள். தொம்மையின் தாயாருக்குக்கூட மனசு இளகிவிட்டது.

"அட, அழுவாதீங்க அண்ணே. விழுப்புரம் இன்னா சீமையா? ரயில்ல ஏறினா ஒரு மணி நேரம். எங்க பொண்ணு மாதிரி பாத்துக்கறோம்," என்றாள்.

என் தகப்பனார் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "பார்த்தாயாடா, கடைசியில் இந்த மனுஷனுக்கும் பெற்ற பாசம் வந்துவிட்டது!" என்றார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சவுரிராயன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார். "வண்டிய ஓட்டுங்க. ரயிலு வந்துடும்."